தானே திறக்கும் கதவு செய்த என்ஜினீயர்

மழைக்காலம். நள்ளிரவு. கும்மிருட்டு. பூனா நகருக்குப் பக்கத்தில் உள்ள கடக்வாஸ்லா ஏரியில் வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது. காவல்காரன் தூங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். மதகைத் திறக்க ஆள் இல்லை. ஆனாலும் ஆபத்து இல்லை. தண்ணீர் ஒரு குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும், கலிங்கின் மேல் உள்ள கதவுகள் தாமாகவே திறக்கின்றன. மிச்சத் தண்ணீர் வெளியே பாய்கிறது. மட்டம் இறங்கியதும் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன.

இது மாய மந்திரம் அல்ல. ஒரு மனிதரின் மூளை செய்த வேலை. அந்தக் கதவுகள் முதல்முதலாக அங்கே பொருத்தப்பட்ட ஆண்டு 1903. அவற்றைச் செய்தவர் சர் எம். விசுவேசுவரய்யா.

அவருக்குப் பின்னாளில் பல பட்டங்கள் வந்தன. "சர்" பட்டம் வந்தது. பாரத ரத்னா விருதும் வந்தது. ஆனால் இந்தக் கதவினால் வரவேண்டிய பணத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எதை வாங்கிக்கொள்ளலாம், எதை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு நூறு வயது வரை மாறவில்லை.

கிராமத்துப் பையன்

மைசூர் சமஸ்தானத்தில் சிக்கபள்ளாப்பூருக்கு அருகே முத்தேனஹள்ளி என்று ஒரு சிறிய கிராமம். 1861 செப்டம்பர் 15ந் தேதி விசுவேசுவரய்யா அங்கே பிறந்தார். குடும்பத்தின் மூதாதையர்கள் ஆந்திரத்தில் உள்ள மோக்ஷகுண்டம் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள். ஆகவே வீட்டில் பேசியது தெலுங்கு. தந்தை சீனிவாச சாஸ்திரி சமஸ்கிருதம் படித்தவர். படிப்பு இருந்தது, பணம் இல்லை.

பையன் சிறு வயதாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். தாய் மனம் தளரவில்லை. மகனை எப்படியாவது படிக்க வைக்க வேண்டும் என்று உறுதியாக இருந்தாள். பெங்களூரில் இருந்த தாய்மாமன் கை கொடுத்தார்.

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பையன் சேர்ந்தான். செலவுக்குக் காசு வேண்டுமே! ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தான். அதில் வந்த பணத்தைக் கொண்டு படித்தான். 1881ல் பி.ஏ. பாஸ் செய்தான்.

அதற்கு மேல் படிக்க வழி? மைசூர் சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு பூனாவுக்குப் போய் என்ஜினீயரிங் படித்தார். 1883ல் பரீட்சை முடிவு வந்தது. பம்பாய் மாகாணத்திலேயே முதல் ஆளாகத் தேறியிருந்தார். ஜேம்ஸ் பெர்க்லி பரிசும் அவருக்கே கிடைத்தது. அவர் வாழ்வில் பெற்ற முதல் பெரிய பரிசு அதுதான்.

மறு வருஷமே பம்பாய் மராமத்து இலாகாவில் உதவி என்ஜினீயர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23 கூட நிறையவில்லை.

ஆற்று மணலில் ஊற்று

சிந்து நதிக்கரையில் சுக்கூர் என்று ஒரு நகரம். இப்போது அது பாகிஸ்தானில் இருக்கிறது. 1894ல் அங்கே குடிதண்ணீர்த் திட்டம் ஒன்று நடந்தது. அதைப் பார்க்க விசுவேசுவரய்யாவை அனுப்பினார்கள்.

ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது. தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அது ஒரே சேறு. குடிக்க முடியாது. வடிகட்டுவதற்குப் பெரிய தொட்டிகள் கட்ட வேண்டும். அதற்கு நகரசபையிடம் பணம் இல்லை.

வெயில் காலத்தில் நம் பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு கலங்கிக் கிடந்தாலும் ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கும். மணலே வடிகட்டிவிடுகிறது. சுக்கூரிலும் அதே வித்தைதான் பெரிய அளவில் நடந்தது. கரைக்குப் பக்கத்தில் ஆற்றுப் படுகையிலேயே கிணறு வெட்டினார்கள். ஆற்றுத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, தெளிந்து, கிணற்றில் ஊறியது. அதைப் பம்பு வைத்து மேட்டுக்கு ஏற்றினார்கள். நகரத்துக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது.

புத்தகத்தில் படித்த முறைக்குப் பணம் இல்லாத இடத்தில், ஊரில் கிடைக்கிற மணலைக் கொண்டே வேலையை முடித்தார். பின்னால் அவர் செய்த பெரிய காரியங்களிலும் இந்தச் சிக்கனத்தைக் காணலாம்.

கதவு பிறந்த கதை

சில ஆண்டுகள் கழித்து அவர் பூனா பகுதியில் பாசன வேலை பார்த்தார். கடக்வாஸ்லா ஏரியிலிருந்துதான் பூனா நகரத்துக்கும் பட்டாளத்துக்கும் குடிதண்ணீர். வாய்க்கால் பாசனமும் அதிலிருந்துதான். நகரம் வளர வளர, தண்ணீர் போதவில்லை.

வழக்கமான யோசனை என்ன? அணையை இன்னும் உயர்த்திக் கட்ட வேண்டும். அதற்கு ஏராளமான பணம் செலவாகும்.

விசுவேசுவரய்யா வேறு விதமாக யோசித்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெள்ளம் கலிங்குக்கு மேல் ஆறு அடி, எட்டு அடி உயரம் ஏறி வழிந்து போகிறது. அந்த உயரத்து வெள்ளத்தை அணை ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் நிற்கிறது. அப்படியானால் அந்த எட்டு அடித் தண்ணீரை வழிய விடாமல் பிடித்து வைத்தால் என்ன? அணையில் ஒரு கல் கூடக் கூடுதலாக வைக்க வேண்டாமே!

கலிங்கின் மேல் சுவர் எழுப்பினால் தண்ணீர் நிற்கும். ஆனால் அதற்கு மேலும் பெருவெள்ளம் வந்தால், அது போக வழியில்லாமல் அணையே உடைந்துவிடும். ஆகவே சுவர் உதவாது, கதவுதான் வேண்டும். ஆள் திறக்கும் கதவு என்றால் அதிலும் ஆபத்து. மலைச்சரிவில் பெய்யும் மழை நேரம் பார்த்து வருவதில்லை. நடு இரவில் வெள்ளம் வந்து, கதவைத் திறக்க அரை மணி தாமதமானாலும் கீழே உள்ள ஊர்களின் கதி என்ன?

ஆகவே, தண்ணீரையே காவல்காரனாக ஆக்கினார். கதவின் பாரத்துக்குச் சரியாக எதிர்ப் பாரம் கட்டித் தொங்கவிட்டார். தராசில் இரண்டு தட்டும் சமமாக நிற்கிற மாதிரி அது நிற்கும். ஏரி நிறைந்து குறித்த மட்டத்தைத் தாண்டியதும், ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் ஒரு சிறிய கிணற்றுக்குள் விழும். கிணற்றில் உள்ள மிதவை அசையும். தராசு சாயும். கதவு திறந்துகொள்ளும். ஏரியின் மட்டம் இறங்கியதும் கிணற்றில் தண்ணீர் வடிந்து, கதவு பழையபடி மூடிக்கொள்ளும். எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, இரவுக் காவல் இல்லை.

இந்தக் கதவுகளால் ஏரியில் நீர்மட்டம் எட்டு அடி உயர்ந்தது. கொள்ளளவு கால் பங்கு கூடியது.

பணம் வேண்டாம்

புதிதாக ஒரு சாதனத்தைக் கண்டுபிடித்தவருக்குப் பேடண்ட் உரிமை உண்டு. அதை வேறு யாராவது உபயோகித்தால் அவருக்கு ராயல்டி தர வேண்டும். விசுவேசுவரய்யாவின் பெயரில் பேடண்ட் பதிவானது. ஆனால் அவர் ராயல்டி வாங்கவில்லை. சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு, சர்க்கார் வேலைக்காகச் செய்த கதவு அது. அதற்குத் தனியாக எதற்குப் பணம் என்பது அவர் எண்ணம்.

அவர் குபேரன் வீட்டுப் பிள்ளை அல்ல. டியூஷன் காசில் படித்தவர். அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வாங்கவில்லை.

அதே காலத்தில் தக்காணத்து வாய்க்கால்களில் தண்ணீரைப் பங்கிட அவர் ஒரு முறை வகுத்தார். அதுவரை, வாய்க்காலை ஒட்டியிருந்த ஊர்கள் கரும்பு போட்டுத் தண்ணீரை அள்ளிக் குடித்தன. நிலம் ஊறிச் சதுப்பானது. தள்ளியிருந்த ஊர்கள் வறண்டன. அவர் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒரு பங்கில் கரும்பு, ஒரு பங்கில் நெல், ஒரு பங்கில் புன்செய்த் தானியம் என்று மாற்றி மாற்றிப் பயிர் வைக்கச் செய்தார். அதே தண்ணீர் அதிக ஊர்களுக்குப் போயிற்று. விவசாயிகள் முதலில் சந்தேகப்பட்டார்கள். தண்ணீரைப் பங்கிடுகிறவனை முதல் நாளே யார் நம்புவார்கள்? விளைச்சலைப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது.

1906ல் அவரை ஏடனுக்கு அனுப்பினார்கள். அரபு நாட்டுக் கரையில் உள்ள ஏடன் துறைமுகம் அப்போது பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. மழையே காணாத ஊர் அது. அங்கும் குடிதண்ணீருக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

1908ல் பம்பாய் வேலையை விட்டு விலகினார். அந்த நாளில் தலைமை என்ஜினீயர் நாற்காலி பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுக்கே. இந்தியர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அவர் நிற்க விரும்பவில்லை. சர்வீஸ் காலம் முழுதும் முடியாவிட்டாலும் சர்க்கார் பென்ஷன் கொடுத்து அனுப்பியது.

ஹைதராபாத்தில் பிரளயம்

வேலையை விட்டதும் ஐரோப்பாவுக்குச் சுற்றுப்பயணம் போனார். அவர் அங்கே இருக்கும்போது ஹைதராபாத்தில் ஒரு பெரும் துயரம் நடந்தது.

1908 செப்டம்பர் 28ந் தேதி. மூசி ஆறு நகரத்தின் நடுவே ஓடுகிறது. மேற்கே பேய்மழை. மேலே இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் ஒன்றன் பின் ஒன்றாக உடைந்தன. அத்தனை தண்ணீரும் சேர்ந்து நகரத்துக்குள் புகுந்தது. வீடுகள் சரிந்தன. பாலங்கள் போயின. சுமார் 15,000 பேர் மாண்டார்கள். ஆற்றங்கரையில் அப்சல்கஞ்சில் ஒரு புளியமரம். அதன் மேல் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அந்த மரத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

நிஜாம் சர்க்கார் விசுவேசுவரய்யாவை அழைத்தது. 1909ல் அவர் வந்து சேர்ந்தார். நகரத்தில் கரையை உயர்த்திக் கட்டினால் மட்டும் போதாது என்று கண்டார். வெள்ளத்தை நகரத்துக்கு வெளியே, மேலேயே பிடிக்க வேண்டும். மூசியின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம். அதன் கிளையான ஈசி ஆற்றின் குறுக்கே ஒரு நீர்த்தேக்கம். வெள்ளம் வந்தால் அவை தாங்கிக்கொள்ளும். மற்ற நாளில் அந்தத் தண்ணீரே நகரத்துக்குக் குடிநீர் ஆகும். ஆளைக் கொன்ற ஆற்றையே ஆளுக்குத் தண்ணீர் தர வைக்கும் யோசனை!

திட்டம் அவருடையது. கட்டியவர்கள் வேறு என்ஜினீயர்கள். உஸ்மான் சாகர் 1920லும் ஹிமாயத் சாகர் 1927லும் முடிந்தன. இரண்டுக்கும் நிஜாம் குடும்பத்துப் பெயர்கள்.

காவிரியில் கைவைத்தார்

1909 நவம்பரில் மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரைத் தம் சமஸ்தானத்தின் தலைமை என்ஜினீயராக அழைத்துக்கொண்டார். படிக்க உபகாரச் சம்பளம் கொடுத்த சமஸ்தானம் அல்லவா?

அப்போது மைசூரில் காவிரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மண்டியா வறண்டு கிடந்தது. சிவசமுத்திரம் அருவியில் 1902 முதல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பி வந்தார்கள். கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். மழைக் காலத்துத் தண்ணீரைச் சேமித்து வைத்தால் வயலுக்கும் ஆகும், மின்சாரத்துக்கும் ஆகும். அதற்குக் கண்ணம்பாடி என்ற கிராமத்துக்கு அருகே பெரிய அணை கட்ட வேண்டும் என்றார் விசுவேசுவரய்யா.

சமஸ்தானத்து நிதி அதிகாரிகள் பயந்தார்கள். இவ்வளவு பணத்தை ஒரே அணையில் போடுவதா? ஒரு கட்டத்தில், வேலையை விட்டுப் போய்விடலாமா என்று கூட விசுவேசுவரய்யா நினைத்தார். மகாராஜா உறுதியாக நின்றதால் திட்டம் பிழைத்தது. 1911ல் வேலை தொடங்கியது.

அதற்குள் சென்னை மாகாணம் ஆட்சேபித்தது. இது வீண் வம்பு அல்ல. தஞ்சாவூர் விவசாயிகள் காவிரித் தண்ணீரை நம்பி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல் விளைவித்து வருகிறார்கள். மேலே அணை கட்டினால் கீழே தண்ணீர் குறையும் என்று பயப்படுவது இயற்கை. மைசூரின் வளர்ச்சி என்று ஒருவர் பார்த்த அதே அணை, தஞ்சையின் பட்டினி என்று இன்னொருவருக்குத் தோன்றியது.

இந்திய சர்க்கார் முதலில் 80 அடி உயரத்துக்கு மட்டுமே அனுமதி கொடுத்தது. ஆனால் விசுவேசுவரய்யா அஸ்திவாரத்தை முழு உயரத்துக்கும் ஏற்ற அகலத்தில் போட்டார். பின்னால் அனுமதி வரும் என்ற நம்பிக்கை. இதைத் துணிச்சல் என்பவர்களும் உண்டு. அதிகப்பிரசங்கித்தனம் என்பவர்களும் உண்டு. காவிரிக்கு எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

1914ல் ஒரு நடுவர் மைசூருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். சென்னை அதை ஏற்கவில்லை. வழக்கு மேலே போயிற்று. கடைசியில் 1924ல் இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகுதான் சென்னை மாகாணம் மேட்டூர் அணையைக் கட்டத் தொடங்கி, 1934ல் முடித்தது. சண்டை அத்தோடு தீரவில்லை. 1990ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007ல் அதன் இறுதித் தீர்ப்பும், 2018ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பும் வந்தன. நம் பத்திரிகைகளில் மழைக்காலம் தோறும் கிருஷ்ணராஜ சாகரின் நீர்மட்டம் 124 அடியில் எத்தனை அடி என்று போடுகிறார்களே, அதன் ஆரம்பம் இங்கேதான்.

அந்த நாளில் நம் நாட்டில் சிமெண்ட் அருமை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் செலவு தாங்காது. ஆகவே செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் கலந்த சுர்க்கிக் காரையை வைத்தே கல் அணையை எழுப்பினார்கள். அணையின் நீளம் 8,600 அடி. சுமார் 10,000 தொழிலாளிகள் வேலை செய்தார்கள். பூனாவில் பிறந்த அதே தானியங்கிக் கதவுகள் இங்கும் பொருத்தப்பட்டன. கண்ணம்பாடி உள்பட பல ஊர்கள் நீருக்குள் மூழ்கின. அணையைக் கட்டியவர்களுக்குப் பேர் கிடைத்தது. வீடு வாசலை விட்டு வெளியேறியவர்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

திவான்

அணை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1912ல், மகாராஜா அவரைத் திவான் ஆக்கினார். திவான் என்றால் சமஸ்தானத்துக்கு முதல் மந்திரி மாதிரி. பதவியை ஏற்பதற்கு முன்பு சொந்தக்காரர்களைக் கூட்டி, சிபாரிசு என்று யாரும் வரக் கூடாது என்று அவர் வாக்கு வாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். சர்க்கார் வேலைக்குச் சர்க்கார் மெழுகுவத்தி, சொந்தக் கடிதம் எழுதச் சொந்த மெழுகுவத்தி என்று இரண்டு வைத்திருந்ததாகவும் ஒரு கதை உண்டு. இந்த மாதிரிக் கதைகள் எல்லாத் திவான்களைப் பற்றியும் பிறப்பதில்லை.

ஆறு வருஷத்தில் மைசூர் பாங்கி, மைசூர் சர்வகலாசாலை, பெங்களூர் என்ஜினீயரிங் கல்லூரி, கன்னட சாகித்ய பரிஷத் என்று வரிசையாகத் தோன்றின. பத்ராவதி இரும்புத் தொழிற்சாலைக்கும் வித்து இட்டார். 1915ல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு "சர்" பட்டம் அளித்தது. வெள்ளைக்காரர்களுக்கு ஒதுக்கிய நாற்காலியின் காரணமாக வேலையை விட்டவருக்கு, ஏழு வருஷம் கழித்து வெள்ளைக்கார சர்க்காரே பட்டம் கொடுத்தது!

ஆனால் திவான் பதவி முள்ளின் மேல் முடிந்தது. சர்க்கார் உத்தியோகங்களில் பிராமணர்களே நிறைந்திருந்தார்கள். மற்ற வகுப்பாருக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்தது. மகாராஜா அதை ஏற்று, 1918ல் மில்லர் என்ற நீதிபதியின் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார். விசுவேசுவரய்யாவுக்கு இதில் சம்மதம் இல்லை. தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏழையாகப் பிறந்து தகுதியால் உயர்ந்தவர் அப்படி நினைத்தது வியப்பல்ல. ஆனால் அவர் வீட்டில் பணம் இல்லாவிட்டாலும் பரம்பரைப் படிப்பு இருந்தது. பள்ளிக்கூட வாசலையே பார்க்காத குடும்பங்களுக்கு அந்த முதல் படியும் கிடையாது. இதில் மகாராஜா கண்டதைத் திவான் காணவில்லை. பதவியை விட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் அணை வேலை நடந்தது. 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. அணைக்கு மகாராஜாவின் பெயர் வைத்தார்கள். தண்ணீரை மண்டியாவுக்குக் கொண்டுபோன பெரிய கால்வாய்க்கு, அப்போது வைசிராயாக இருந்த இர்வின் பிரபுவின் பெயர். மண்டியாவின் புன்செய் நன்செய் ஆனது. கரும்பு விளைந்தது. 1930களில் அங்கே சர்க்கரை ஆலையும் வந்தது.

கடைசிப் பரிசு

பதவியை விட்ட பிறகு அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். சும்மா இருக்கவில்லை. 1934ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று ஒரு புத்தகம் எழுதினார். ஐந்தாண்டுத் திட்டம் என்ற பேச்சு நம் நாட்டில் வருவதற்கு வெகு காலம் முன்பு அது. 1937ல் ஒரிஸ்ஸாவின் மகாநதி வெள்ளங்களை ஆராய்ந்து, நீர்த்தேக்கங்கள் கட்டும்படி யோசனை சொன்னார். அந்த வழியில் பின்னால் ஹிராகுட் அணை எழுந்தது. 1951ல் தம் உத்தியோக வாழ்வின் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

வெளியே போகும்போது எப்போதும் கோட்டும் தலைப்பாகையும்தான். சாப்பாடு அளவாக. நேரம் தவறினால் பிடிக்காது. தினமும் நடை.

1955ல் இந்திய சர்க்கார் அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. அதே வருஷம் அதே விருது பண்டித நேருவுக்கும், காசியைச் சேர்ந்த அறிஞர் பகவான் தாசுக்கும் கிடைத்தது. அப்போது விசுவேசுவரய்யாவுக்கு வயது 93. விருதைத் தருவதால் சர்க்காரைப் புகழ்வேன் என்று எதிர்பார்க்கக் கூடாது, தவறு கண்டால் தவறு என்றுதான் சொல்வேன் என்ற கருத்தில் அவர் நேருவுக்குக் கடிதம் எழுதியதாகச் சொல்வார்கள். செய்த பணிக்காகத்தான் விருது, வாயை அடைக்க அல்ல என்று நேரு பதில் எழுதினாராம். அதன் பிறகே மனிதர் ஒப்புக்கொண்டாராம்.

1960 செப்டம்பர் 15ந் தேதி அவருக்கு நூறாவது வயது தொடங்கியது. சர்க்கார் அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. உயிரோடு இருக்கும்போதே தபால் தலையில் இடம் பிடிப்பவர்கள் மிகச் சிலரே.

1962 ஏப்ரல் மாதம் பெங்களூரில் அவர் காலமானார். நூறு வயது நிறைந்திருந்தது. பிறந்த ஊரான முத்தேனஹள்ளியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. அவர் பிறந்த நாளை நாடு முழுவதும் என்ஜினீயர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சிறந்த என்ஜினீயர்களுக்கு அன்று பரிசு கொடுக்கிறார்கள். கர்நாடகத்தின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான்.

மண்டியாவில் இர்வின் பிரபுவின் பெயர் நிலைக்கவில்லை. அந்தக் கால்வாய்க்கு விசுவேசுவரய்யா கால்வாய் என்று பெயர் மாற்றினார்கள். அவ்வளவு நீளமான பெயரை வயலில் நிற்பவன் எங்கே சொல்லப் போகிறான்? மண்டியா விவசாயிகள் அதைச் சுருக்கி வி.சி. கால்வாய் என்றே சொல்கிறார்கள். வி.சி. கால்வாயில் தண்ணீர் விட்டாயிற்றா என்பதுதான் விதைப்புக் காலத்தில் அங்கே ஒருவரை ஒருவர் கேட்கும் முதல் கேள்வி.